குட்டை ரக அவகாடோ சிறிய வீட்டுத் தோட்டத்தில் குட்டையாகவே நிற்குமா?

சுங்கை சிப்புட் வாசி (கேள்வி):

வணக்கம். சுங்கை சிப்புட்டில், முன்பு ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வசிக்கிறோம். வீட்டின் பின்புறம் 20 அடி நீளமும் 12 அடி அகலமும் உள்ள மண்தரை இருக்கிறது. அதற்கப்பால் அண்டை வீட்டு மதில். அங்கே ஓர் அவகாடோ மரம் வளர்க்க விரும்புகிறேன். நர்சரியில் "குட்டை ரகம், 10 அடிக்கு மேல் போகாது" என்று சொல்லி ஒட்டுக் கன்று விற்கிறார்கள். ஆனால் ரகத்தின் பெயரைக் கேட்டால் தெளிவான பதில் கிடைப்பதில்லை. எங்கள் மண் கெட்டியான செம்மண். பெருமழை பெய்தால் சில மணி நேரம் தண்ணீர் தேங்கி நிற்கும். மரம் சொன்னபடி குட்டையாக நிற்குமா, தரையில் நடுவதா தொட்டியில் வைப்பதா, காய்ப்பதற்கு இரண்டு மரங்கள் தேவை என்பது உண்மையா என்பவற்றை வளர்த்துப் பார்த்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பஹாவ் பழத்தோட்டம்:

வணக்கம் ஐயா. உயரத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், அந்தக் கன்று எந்த இனத்தைச் சேர்ந்தது என்று கேளுங்கள். அவகாடோவில் மெக்சிகோ, குவாத்தமாலா, மேற்கிந்தியத் தீவுகள் என மூன்று இனங்கள் உண்டு. முதல் இரண்டும் மலைநாட்டுக் குளிருக்குப் பழகியவை. நம்மைப் போன்ற தாழ்நிலத்தின் வெப்பத்தையும் ஈரத்தையும் இயல்பாகத் தாங்குவது மூன்றாவது இனமும் அதன் கலப்புகளும்தான். இணையத்தில் குட்டை ரகம் என்று தேடினால் முதலில் வருவது கலிபோர்னியாவின் வர்ட்ஸ். "லிட்டில் காடோ" என்ற பெயரிலும் விற்கிறார்கள். அது ஏறக்குறைய 10 அடியோடு நின்றுவிடும் என்பது சரியே. ஆனால் அது முதல் இரண்டு இனங்களின் கலப்பு. கேமரன் மலையில் உள்ளவர்கள் முயன்று பார்க்கலாம், சுங்கை சிப்புட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நம் ஊர்களில் "குட்டை" என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை சாதாரண ஒட்டுக் கன்றுகள்தாம். கொட்டையிலிருந்து வந்த மரம் 60 அடி வரை உயரக்கூடும், காய்க்கப் பத்தாண்டுகள்கூட ஆகலாம். ஒட்டு மரம் மூன்று, நான்கு ஆண்டுகளில் காய்ப்பதால் அதன் வேகம் சற்றே தணிகிறது, அவ்வளவுதான். அதைக் குட்டையாக வைத்திருப்பது உங்கள் கத்தரிக்கோல். கன்று இடுப்பளவு வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பிரியும். பிறகு ஆண்டுதோறும் அறுவடை முடிந்த கையோடு, மேல்நோக்கிப் பாயும் கிளைகளில் ஒன்றிரண்டை அடியோடு எடுத்துவிடுங்கள். பூக்கள் கிளை நுனியில் வருவதால், வேலிச் செடியைப் போல் எல்லா நுனிகளையும் சமமாக வெட்டினால் அந்த ஆண்டு காயே இருக்காது. வெட்டியபின் வெயில் நேராகப் படும் கிளைகளுக்கு, தண்ணீர் கலந்த வெள்ளைச் சுவர்ச்சாயத்தைப் பூசுங்கள். அவகாடோவின் பட்டை வெயிலில் எளிதில் வெந்துவிடும்.

பழைய கிராணி:

தம்பி, உங்கள் கேள்வியில் என் கவனத்தை ஈர்த்தது தண்ணீர் சில மணி நேரம் தேங்குகிறது என்ற வரிதான். வேரழுகல் நோயைத் தரும் பைட்டோப்தோரா சின்னமோமி என்ற நுண்ணுயிர், நீர் நிரம்பிய மண்ணில் நீந்திச் சென்று வேரைப் பிடிக்கிறது. மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் சிறுத்து, வெளிறி, துவண்டு தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுவோம், மரம் போய்விடும். ஆகவே குழி தோண்டாதீர்கள். கெட்டிச் செம்மண்ணில் தோண்டிய குழி மழைக்காலத்தில் கிணறாகிவிடும். தரைக்கு மேலே இரண்டடி உயரமும் ஐந்தடி அகலமும் உள்ள மேடு கட்டி, அதன் உச்சியில் நடுங்கள். உணவை உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் அரை அடி ஆழத்துக்குள்ளேயே பரவுவதால் மேடே போதும்.

செம்பனை ஆலையிலிருந்து, பழம் நீக்கிய வெற்றுக் குலை கிடைத்தால், மேட்டின்மேல் மூடாக்காகப் பரப்புங்கள். தோட்டங்களில் இளஞ்செம்பனைக்குச் செய்வதைப் போன்றதுதான். அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவது அவசியம்.

கூலிம் வாசகி:

தொட்டி வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை என்பதால் இதை எழுதுகிறேன். தண்ணீர் தேங்கும் வீட்டில் தொட்டியே பாதுகாப்பானது என்பது என் கருத்து. 60 லிட்டருக்குக் குறையாத தொட்டி, அடியில் நிறையத் துளைகள், செங்கல்மேல் தூக்கி வைத்த நிலை ஆகியவை இருந்தால் மரமும் தானாகவே அடங்கி வளரும். விளைச்சல் குறைவுதான், ஒரு குடும்பத்துக்கு அது பெரிய குறையில்லை.

சுங்கை சிப்புட் வாசி:

மிக்க நன்றி. மேடு கட்டியே நடலாம் என்று எண்ணுகிறேன். செம்பனைத் தோட்டத்தில் பயன்படுத்தும் சிவப்புப் பொட்டாஷ் உரம் வீட்டில் மிச்சம் இருக்கிறது, அதைப் போடலாமா? கத்தரித்த இலைகளை அம்மா வளர்க்கும் ஆடுகளுக்குக் கொடுக்கலாமா?

பஹாவ் பழத்தோட்டம்:

இரண்டுக்கும் பதில், வேண்டாம் என்பதே. அந்தச் சிவப்புப் பொட்டாஷ், குளோரைடு உப்பு. செம்பனை அதை விரும்பும்; அவகாடோவுக்கோ இலை விளிம்பு கருகும். சல்பேட் வகைப் பொட்டாஷ் வாங்குங்கள். இலையில் பெர்சின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அது பால் தரும் ஆட்டின் மடியையும் இதயத்தையும் பாதிக்கும், கூண்டுப் பறவைகளையும் கொல்லும்.

இரண்டு மரக் கேள்விக்கு வருகிறேன். அவகாடோப் பூ இரண்டு முறை விரியும்: முதலில் பெண்ணாக, மறுநாள் ஆணாக. இந்த நேரத்தைப் பொறுத்து ரகங்கள் ஏ, பி என இரு வகை. ஏ வகையில் பெண் நிலை காலையிலும் ஆண் நிலை மறுநாள் பிற்பகலிலும் வரும். பி வகையில் பெண் நிலை பிற்பகலிலும் ஆண் நிலை மறுநாள் காலையிலும் வரும். தாழ்நில ரகங்களில் சிம்மண்ட்ஸ் ஏ வகை, போலக் பி வகை. இரண்டும் இருந்தால் காய்ப்பு கூடும். ஆனால் ஒரே மரத்திலும் இந்நிலைகள் ஓரளவு ஒன்றன்மேல் ஒன்று படிவதால் தனிமரமும் காய்க்கும். 12 அடி அகலத்தில் இரண்டு மரங்களை நெருக்குவதைவிட, அண்டை வீட்டாரை மற்ற வகையை நடச் சொல்வது மேல். பூக்காலத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தேனீக்களும், கெலுலுட் எனும் கொடுக்கில்லாச் சிறு தேனீக்களும் வரட்டும். அப்படி வந்தாலும் நூறு பூவில் ஒன்றுகூடக் காயாகாது, உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

காய் மரத்திலேயே கனியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றைப் பறித்துச் சமையலறையில் வையுங்கள். ஒரு வாரத்தில் தோல் சுருங்காமல் மென்மையானால் மற்றவற்றையும் பறிக்கலாம்.