கண்ணாடித் தளிரா, நீர்கோத்த தளிரா?

நண்பர்களுக்கு வணக்கம்.
மூலிகைத் திசு வளர்ப்புச் சொற்களில், போத்தலில் வளர்க்கச் செடியிலிருந்து எடுக்கும் துண்டான ‘எக்ஸ்பிளான்ட்’டுக்குப் ‘பிரிகூறு’ பாடநூலிலேயே வந்துவிட்டது. போத்தலில் வளரும் தளிர் நீர் மிகுந்து கண்ணாடிபோல் ஆகிவிடும் ‘ஹைப்பர்ஹைட்ரிசிட்டி’க்குத்தான் சொல் அமையவில்லை. பழைய பெயர் ‘விட்ரிஃபிகேஷன்’ என்பதால் ‘கண்ணாடியாதல்’ என்று குறித்திருக்கிறேன். சரியா?

* * *

ஐயா, கண்ணாடியாதல் வேண்டாம். ஆங்கிலத்திலேயே 1992இல் அந்தப் பெயரைக் கைவிடலாம் என்றார்கள். உறைகுளிரில் திசுவைச் சேமிக்கையில் நீர் பனிப்படிகமாகாமல் இறுகுவதற்கும் அதுவே பெயர். அங்கே அது பொருந்தும், இருக்கட்டும்.

இங்கே நடப்பது வேறு. போத்தலில் வளரும் நீர்ப்பிரமிக் கணுவில் சில தளிர்கள் வீங்கி, இலை சுருண்டு, தொட்டால் நொறுங்கும். செல்களுக்கு இடையே காற்று இருக்க வேண்டிய வெளியில் நீர் நிறைந்துவிடுகிறது. செல்சுவருக்கு உறுதி தரும் லிக்னின் குறைவு, இலைத்துளை சரியாக மூடாது. அதனால்தான் மண்ணுக்கு மாற்றியதும் வாடுகிறது. (நீர்ப்பிரமி இலை இயல்பிலேயே சதைப்பற்றுள்ளது. தடிப்பை நம்பாமல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நலமான இலை ஒளியை மறைக்கும், இது மறைக்காது.)

நுரையீரலில் ‘நீர் கோத்திருக்கிறது’ என்கிறோமே, அதேதான். ‘நீர்கோத்தல்’ என்போம்.

* * *

‘நீர்மிகை’ சுருக்கமாக இருக்கிறதே? ‘நீர்கோத்தல்’ நீர்க்கோவையோடு குழம்பாதா?

* * *

நீர்மிகை அளவைச் சொல்கிறது, நீர் எங்கே தேங்கியது என்பதைச் சொல்லவில்லை. நீர்க்கோவை, தலையில் நீர் கோத்துக்கொள்வதைக் குறிக்கும் சித்த மருத்துவச் சொல். மூலிகை நூலில் இரண்டும் அருகருகே வரலாம் என்பதால்தான் ‘கோவை’யைத் தவிர்த்தேன். வினையாக இருப்பதில் பயன் உண்டு, செய்முறையில் வைத்துப் பாருங்கள்:

“முராஷிகி–ஸ்கூக் ஊடகம் (திசு வளர்ப்பின் வழக்கமான சத்துக் கலவை), லிட்டருக்குச் சர்க்கரை 30 கிராம், அகார் 8 கிராம், பிஎச் 5.8. தளிர் நீர்கோத்தால் முதலில் தளிர் பெருக்கும் ஊக்கியான பென்சைல் அடினைனை 1 மி.கி.யிலிருந்து 0.5க்கு இறக்குக. போதாவிட்டால் அம்மோனியம் நைட்ரேட்டை 1650 மி.கி.யிலிருந்து பாதியாக்குக. காற்றோட்ட மூடி போட்டால் நீர்கோத்த தளிர்கள் குறையும். அகாரைக் கூட்டினாலும் குறையும், ஆனால் தளிர்ப் பெருக்கமும் விழும்.”

பிஎச் 5க்குக் கீழே இறங்கினால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கலத்தின் சூட்டில் அகார் சிதைந்து ஊடகம் இளகிவிடும். இளகிய ஊடகத்தில் நீர்கோத்தல் இன்னும் அதிகம். இதையும் குறிப்பில் சேருங்கள்.

* * *

ஏற்கிறேன். கிருமியால் வருவதல்ல, ஆகவே ‘நோய்’ என்று போடாமல் ‘உடற்செயல் கோளாறு’ என்கிறேன். ‘நீர்க்கோத்தல்’ என்று யாரும் திருத்த வேண்டாம்: நீர் இங்கே எழுவாய், வல்லினம் மிகாது.