ஏ.ஐ. விமானங்கள் ஓடுபாதையைக் காலி செய்யத் தாமதம், பின்னால் வருபவை எல்லாம் கோ அரவுண்ட்: எங்கே திருத்துவது?

தரையோட்டம் (கேள்வி; தனி வரியில் வருபவை எழுதுபவர்களின் பெயர்கள்)

சிமுலேட்டர் எஃப்.எஸ்.எக்ஸ். (மைக்ரோசாஃப்டின் பழைய விமான சிமுலேட்டர்). விமான நிலையத்தில் ஒரே ஓடுபாதை, 09/27 (கிழக்கு நோக்கி இறங்கினால் 09, மேற்கு நோக்கி 27), நீளம் 3,000 மீட்டர். டிராஃபிக் ஸ்லைடர் (சிமுலேட்டரே ஓட்டும் ஏ.ஐ. விமானங்களின் அளவு) 60 சதவீதம். காற்று 090 திசையிலிருந்து 8 நாட், அதனால் 09 பயன்பாட்டில் இருக்கிறது. தென்படும் கோளாறுகள்:

முதல் விமானம் ஒழுங்காக இறங்குகிறது. பாதி ஓடுபாதையிலேயே வேகம் குறைந்துவிடுகிறது. ஆனால் வெளியேறாமல் கடைசி முனை வரை ஊர்ந்துகொண்டே போகிறது. அதற்குள் இரண்டாவது, பல நேரம் மூன்றாவதும் கோ அரவுண்ட் (இறங்காமல் மேலேறிச் சுற்றி வருவது) போய்விடுகின்றன. புறப்பட வேண்டியவை ஹோல்டில் (காத்திருக்கும் இடத்தில்) ஆறேழு என வரிசை கட்டி நிற்கின்றன, ஒன்றுக்கும் அனுமதி கிடைப்பதில்லை. நடுவில் ஒரு டாக்ஸிவே (ஓடுபாதைக்கு வெளியே விமானம் தரையில் ஓடும் வழி) கண்ணுக்குத் தெரிகிறது, அதை எந்த ஏ.ஐ. விமானமும் சீண்டுவதில்லை.

டிராஃபிக்கை 30 சதவீதத்துக்குக் குறைத்தால் பிரச்சினை மறைகிறது, ஆனால் நிலையம் வெறிச்சோடிவிடுகிறது. ஸ்லைடரைத் தொடாமல் சரிசெய்ய வழி உண்டா?

முனைப்புள்ளி

உண்டு. தவறு டிராஃபிக் அளவில் இல்லை, விமான நிலையக் கோப்பில் இருக்கிறது.

ஏ.ஐ. விமானம் கண்ணுக்குத் தெரியும் தார்ச்சாலையைப் பார்ப்பதில்லை. கோப்புக்குள் இருக்கும் புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும்தான் பின்பற்றுகிறது. நடுவில் தெரியும் அந்த டாக்ஸிவே படமாக மட்டும் இருக்கலாம். கோடு இருந்தும் அது ஓடுபாதையின் மையக்கோட்டுப் புள்ளியோடு சேராமல் அரை மீட்டர் தள்ளி நின்றாலும், விமானத்துக்கு அப்படி ஒரு வழி இல்லவே இல்லை.

அடுத்தது ஹோல்ட் ஷார்ட் புள்ளி, அதாவது ஓடுபாதைக்கு முன் விமானம் காத்து நிற்கும் இடம். இறங்கிய விமானம் அந்தப் புள்ளியைத் தாண்டிய பிறகுதான் ஓடுபாதை காலி என்று சிமுலேட்டரின் கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொள்கிறார். வெளியேறும் வழியில் ஹோல்ட் ஷார்ட் இல்லையென்றால், விமானம் புல்வெளியைத் தாண்டிப் போன பிறகும் ஓடுபாதை அடைபட்டதாகவே கணக்கு.

உங்கள் நிலையத்துக்குக் கணக்குப் போட்டால் காரணம் தெளிவாகும். அணுகும் வேகம் 140 நாட் என்றால் 3 கடல்மைல் இடைவெளியைக் கடக்க 77 விநாடி. இறங்கிய விமானம் 1,500 மீட்டரில் டாக்ஸி வேகத்துக்கு வர ஏறத்தாழ 40 விநாடி ஆகும். மிச்சமுள்ள 1,500 மீட்டரை 20 நாட்டில் ஊர்ந்தால் இன்னும் 146 விநாடி. மொத்தம் மூன்று நிமிடத்துக்கு மேல். பின்னால் 3 மைல் இடைவெளியில் வரும் இரண்டு விமானங்களுமே (77, 154 விநாடிகளில்) த்ரெஷோல்டை (ஓடுபாதை தொடங்கும் முனையை) அடையும்போது முதலாவது இன்னும் பாதையில்தான் இருக்கும். இடைவெளி 5 மைல் ஆனாலும் 129 விநாடிதான், அதுவும் போதாது. புறப்படும் விமானங்களுக்கு இடுக்கே கிடைக்காததன் காரணமும் இதுவே.

ஏர்போர்ட் டிசைன் எடிட்டரில் (நிலையக் கோப்பைத் திருத்தும் மென்பொருள்) செய்ய வேண்டியது:

முதலில் அந்த நிலையத்தின் கோப்பைத் திறந்து பெயர் மாற்றிச் சேமித்துக்கொள்ளுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். ஓடுபாதையின் மேல் 'ரன்வே' வகைக் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் போகிறதா என்று பாருங்கள். 09 த்ரெஷோல்டிலிருந்து 1,700 மீட்டர் வாக்கில் அந்தக் கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து டாக்ஸிவேக்கு 30 பாகைச் சாய்வில் 'டாக்ஸி' வகைக் கோடு இழுங்கள். மையக்கோட்டிலிருந்து செங்குத்தாக 90 மீட்டர் தள்ளி, அந்தக் கோட்டிலேயே ஹோல்ட் ஷார்ட் புள்ளி. கருவி வழிகாட்டலில் இறங்கும் பெரிய ஓடுபாதைகளில் நிஜத்திலும் காத்திருப்புக் கோடு இந்தத் தூரத்தில்தான் இருக்கும். இதை 150 மீட்டருக்குத் தள்ளிவைத்தால் ஒவ்வொரு இறக்கத்துக்கும் தேவையில்லாமல் பல விநாடிகள் போகும். 50 மீட்டருக்கு இழுத்தால் அகல உடல் விமானத்தின் வால் ஓடுபாதையில் நீட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது இறங்கிவிடும்.

வளைவை அழகாக்க வேண்டும் என்று புள்ளிகளை அடுத்தடுத்து நெருக்கி வைக்காதீர்கள். புள்ளிகள் மிக நெருக்கமாக இருந்தால் சில விமானங்கள் அங்கேயே தட்டாமாலை சுற்ற ஆரம்பித்துவிடும். அது வெளியேறாமல் ஊர்வதை விட மோசம்.

முடிந்ததும் எடிட்டரில் இருக்கும் ஃபால்ட் ஃபைண்டரை ஓட்டுங்கள். சேராத புள்ளி, அறுந்த கோடு எல்லாவற்றையும் அது காட்டிக்கொடுக்கும். பிறகு கம்பைல் செய்து ஆட்ஆன் சீனரி (கூடுதல் காட்சிகள்) கோப்புறையில் வைத்து, சிமுலேட்டரை மூடித் திறக்கவும்.

காற்றுத்திசை

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். திருத்துவதற்கு முன் அதே நிலையத்துக்கு இரண்டு கோப்புகள் ஏற்றப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். வாங்கிய சீனரியில் ஒன்று, டிராஃபிக் தொகுப்போடு வந்தது இன்னொன்று என்று இருப்பது மிகச் சாதாரணம். அப்படியிருந்தால் ஒன்றில் நீங்கள் செய்த திருத்தத்தை முன்னுரிமை பெற்ற மற்றது மறைத்துவிடும். மணிக்கணக்கில் கோடு இழுத்தும் ஒரு மாற்றமும் தெரியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். விமானங்கள் புல்வெளியில் டாக்ஸி ஓடினாலோ, ஓடுபாதைக்கு மேல் மிதந்தாலோ, சக்கரம் தரைக்குள் புதைந்தாலோ முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இரண்டு கோப்பிலும் நிலைய உயரம் வேறாக இருந்தால் மிதப்பதும் புதைவதும் வரும்.

ஒரு குறிப்பிட்ட விமான மாடல் மட்டும் எல்லா நிலையங்களிலும் மிதக்கிறது என்றால் அது வேறு கதை. அதன் ஏர்கிராஃப்ட்.சி.எஃப்.ஜி. கோப்பில் 'ஸ்டாட்டிக் சி.ஜி. ஹைட்' (நிற்கும்போது எடைமையத்தின் உயரம்), 'ஸ்டாட்டிக் பிட்ச்' (நிற்கும்போது மூக்கின் சாய்வு), சக்கரங்களுக்கான 'கான்டாக்ட் பாயின்ட்ஸ்' (தரை தொடும் புள்ளிகள்) மதிப்புகளைப் பார்க்க வேண்டும்.

தரையோட்டம்

இருவருக்கும் நன்றி. இரண்டு கோப்புகள் இருந்தன, ஒன்றை நீக்கியாயிற்று. 1,700 மீட்டரில் 30 பாகை வழி வைத்ததும் 09-இல் கோ அரவுண்ட் நின்றுவிட்டது. புறப்பாடுகளும் நகர்கின்றன. ஆனால் காற்று 270-க்குத் திரும்பி 27 திறந்ததும் பழைய நிலைமைதான். புதிய வழியையும் பயன்படுத்தவில்லை, பழைய நடு டாக்ஸிவேயையும் தொடவில்லை.

முனைப்புள்ளி

அது அப்படித்தான் இருக்கும். 09-இல் இறங்குபவருக்கு 30 பாகை என்பது 27-இல் இறங்குபவருக்கு 150 பாகைத் திருப்பம், கிட்டத்தட்ட வந்த வழியே திரும்புவது போல. ஏ.ஐ. அதை எடுக்காது. 27-க்குத் தனி வழி வேண்டும். 27 த்ரெஷோல்டிலிருந்து 1,700 மீட்டர் அளந்தால் அது 09 த்ரெஷோல்டிலிருந்து 1,300-இல் வரும். சாய்வு எதிர்ப்பக்கம். அதற்கும் சொந்தமாக ஒரு ஹோல்ட் ஷார்ட்.

நடு டாக்ஸிவே 1,500-இல் செங்குத்தாக இருந்தால் அதையும் இணைத்துவிடுங்கள். 90 பாகை வழி இரு திசைக்கும் உதவும், சிறிய ஜெட்கள் அதைப் பிடித்துவிடும். அகல உடல் விமானங்கள் பெரும்பாலும் அதைத் தாண்டித்தான் நிற்கும். அவற்றுக்காக இறங்கும் முனையிலிருந்து 2,200 வாக்கில் இன்னொரு வழி இருந்தால் நல்லது.

ஒரு மாடல் மட்டும் எப்போதும் எல்லா வழிகளையும் தாண்டி ஓடினால் அதன் பிரேக்கைப் பாருங்கள். ஏர்கிராஃப்ட்.சி.எஃப்.ஜி. கோப்பின் 'பிரேக்ஸ்' பகுதியில் 'டோ பிரேக்ஸ் ஸ்கேல்' (பிரேக்கின் வலு) மதிப்பைச் சிறிது சிறிதாக, ஒரு முறைக்கு 0.1 வீதம் ஏற்றிப் பாருங்கள். ஒரேயடியாக ஏற்றினால் பாதையின் நடுவிலேயே நின்றுவிட்டு, அடுத்த வழி வரை ஊரும். கோப்பின் நகல் கட்டாயம்.

பாதை33

எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரைப் பயன்படுத்துபவர்கள் இதைப் படித்தால்: தத்துவம் ஒன்றுதான், கருவி வேறு. அங்கே வேர்ல்ட் எடிட்டரில் டாக்ஸி வலையமைப்பை வரைகிறோம். ஹோல்ட் ஷார்ட் புள்ளிக்குப் பதில், ஓடுபாதைக்கு அருகில் உள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் 'ஆக்டிவ் ஜோன்' குறிக்க வேண்டும். எந்த ஓடுபாதையின் புறப்பாட்டுக்கு, எதன் இறக்கத்துக்கு, எதன் ஐ.எல்.எஸ்.க்கு (இறங்க வழிகாட்டும் ரேடியோ கருவி) அந்தக் கோடு தடையாகும் என்று தனித்தனியாக. அதை மறந்தால் விமானம் அனுமதி கேட்காமலே ஓடுபாதையைக் குறுக்கே கடக்கும். மாறாக, தொலைவில் உள்ள டாக்ஸிவேயையும் தாராளமாகக் குறித்துவிட்டால் அங்கே யாராவது நிற்கும் வரை ஓடுபாதை அடைபட்டே கிடக்கும்.

கோட்டின் அளவு எழுத்தையும் கவனியுங்கள், ஏ (சிறிய விமானம்) முதல் எஃப் (மிகப் பெரியது) வரை. ஒரே ஒரு சின்னத் துண்டு சி என்று இருந்தால் போதும், 777 அந்த வழியை விட்டுவிட்டுச் சுற்றிப் போகும். வேறு வழி இல்லையென்றால் அதற்குப் பாதையே கிடைக்காது.

எந்த ஓடுபாதை திறக்கும் என்பது 'ஃப்ளோ' விதிகளைப் பொறுத்தது. காற்று, மேக உயரம், பார்வைத்தூரம், நேரம் ஆகியவற்றை மேலிருந்து கீழாகச் சோதித்து, எல்லா விதியும் பொருந்தும் முதல் ஃப்ளோவை எக்ஸ்-பிளேன் எடுத்துக்கொள்ளும். ஆகவே இறுக்கமான விதிகள் மேலே, விதியே இல்லாத ஒன்று கடைசியில். நேர விதி உலகப் பொதுநேரத்தில் எழுதப்பட வேண்டும். உள்ளூர் நேரத்தைப் போட்டுவிட்டு, இரவு விதி பகலில் வேலை செய்கிறதே என்று திகைப்பவர்கள் நிறைய.

இன்னொன்று: எக்ஸ்-பிளேனின் சொந்த ஏ.ஐ. விமானம் ஒவ்வொன்றும் முழு இயற்பியல் கணக்கோடு பறக்கிறது. எண்ணிக்கையைக் கூட்டினால் முதலில் பாதிக்கப்படுவது ஃபிரேம் ரேட்.

காற்றுத்திசை

இரண்டு இணை ஓடுபாதைகள் உள்ள நிலையமாக இருந்தால் எஃப்.எஸ்.எக்ஸ்.ஸில் எளிதான வழி ஒன்று உண்டு. ஓடுபாதையின் பண்புகளில் ஒவ்வொரு முனைக்கும் புறப்பாடு, இறக்கம் இரண்டையும் தனித்தனியாக மூடலாம். இடப்பக்கப் பாதையை இறக்கத்துக்கு மட்டும், வலப்பக்கத்தைப் புறப்பாட்டுக்கு மட்டும் வைத்தால் ஹோல்டில் வரிசை கரைந்துவிடும். இரண்டு முனைகளுக்கும் அதே மாதிரி குறிக்க மறக்காதீர்கள். ஒரு திசைக்கு மட்டும் குறித்தால் காற்று திரும்பும் நாளில் மறுபடியும் குழப்பம். ஒரு திசையில் எல்லாப் பாதைகளுக்கும் புறப்பாட்டை மூடிவிட்டால் அந்தக் காற்றில் ஒரு விமானமும் கிளம்பாது.

தரையோட்டம் சொன்ன ஒற்றைப் பாதைக்கு இது பொருந்தாது. அங்கே வெளியேறும் வழிதான் எல்லாம்.

காற்று 09-க்கும் 27-க்கும் மாறி மாறித் திரும்பினால் இன்னொரு தொல்லை. புறப்பாட்டுக்கு வரிசையில் நின்றவை எல்லாம் மறுமுனைக்கு டாக்ஸி ஓட ஆரம்பிக்கும். வானிலைக் கருவி தரைக்காற்றை நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றாமல், மெதுவாக மாற்றும்படி அமையுங்கள். சோதிக்கும்போது நிலையான காற்றையே வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்குகோணம்

நேரலை டிராஃபிக் செலுத்தும் கருவிகளை மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020-இல் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு வரி: நிஜ விமானங்கள் நிஜக் காற்றுக்கு ஏற்ற திசையில் வருகின்றன. நீங்கள் கையால் வேறு வானிலை அமைத்திருந்தால் சிமுலேட்டரின் கட்டுப்பாட்டாளர் எதிர் முனையைத் திறந்திருப்பார். இரண்டு கூட்டமும் நேருக்கு நேர் வரும். நேரலை டிராஃபிக் என்றால் நேரலை வானிலையும் வேண்டும். தரையில் வழியைத் தீர்மானிப்பது அங்கேயும் நிலையக் கோப்பில் உள்ள டாக்ஸி புள்ளிகளும் ஹோல்ட் ஷார்ட்டும்தான்.

தரையோட்டம்

27-க்குத் தனிச் சாய்வு வழி, 1,500-இல் செங்குத்து வழி, இரண்டும் சேர்த்தாயிற்று. இரு திசையிலும் ஓடுகிறது. ஒரு சந்தேகம் மட்டும்: இறங்கி வெளியேறிய சில விமானங்கள் டாக்ஸிவேயில் நுழைந்ததும் மறைந்துவிடுகின்றன.

முனைப்புள்ளி

அவற்றுக்குப் பொருந்தும் பார்க்கிங் இல்லை. இறக்கை நீளத்தில் பாதியை விட நிறுத்துமிடத்தின் ஆரம் குறைவாக இருந்தால் அந்த இடம் அதற்குக் கிடைக்காது. 737-800-இன் இறக்கை 35.8 மீட்டர், ஆரம் 18 வேண்டும். 777-300 ஈ.ஆர். 64.8 மீட்டர், 33 வையுங்கள். ஆரம் சரியாக இருந்தும் மறைந்தால் நிறுத்துமிடங்கள் நிரம்பிவிட்டன என்று பொருள். அந்த நேரத்தில் நிலையத்தை மேலிருந்து பார்த்து, காலியான இடங்கள் எந்த ஆரத்தில் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எத்தனை இடங்களைப் பெரிதாக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.