1870-லேயே சட்டம் வந்துவிட்டதே, அப்புறம் 1965 வரை எதற்கு?

கயல்விழி:
எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். அமெரிக்க வரலாறு தாளில் ஒரு இடத்தைத் தாண்டவே முடியவில்லை. எங்கள் பாடக்குறிப்பில் வாக்குரிமை ஏணிப்படி மாதிரி ஏறிக்கொண்டே போகிறது: முதலில் சொத்துள்ள வெள்ளை ஆண்கள், அடுத்து எல்லா வெள்ளை ஆண்களும், 1870-இல் கறுப்பின ஆண்கள், 1920-இல் பெண்கள், 1965-இல் வாக்குரிமைச் சட்டம், 1971-இல் 18 வயது நிரம்பியவர்கள். 1870-இல் 15-ஆவது திருத்தத்திலேயே கறுப்பினத்தவருக்கு ஓட்டு கிடைத்துவிட்டது என்றால் 1965-இல் யாருக்கு எதைக் கொடுத்தார்கள்? வகுப்பில் கேட்டால் "அமல்படுத்தவில்லை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அரசியலமைப்பில் எழுதிய ஒன்றை 95 வருடம் அமல்படுத்தாமல் எப்படி இருக்க முடியும்? நீதிமன்றம் என்ன செய்தது? இன்னொன்று, கிடைத்த ஓட்டைத் திரும்பப் பறிகொடுத்தவர்கள் யாராவது உண்டா?

வைகைக்கரை:
கயல், அந்தத் திருத்தத்தின் வாசகத்தை நிதானமாகப் படியுங்கள். எல்லாக் குடிமக்களுக்கும் ஓட்டு உண்டு என்று அதில் எங்கேயும் இல்லை. இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை, இவற்றைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, அவ்வளவுதான். வேறு காரணம் காட்டி மறுக்கலாமா? அதைப் பற்றி மூச்சே இல்லை. யாருக்கு ஓட்டு, என்ன தகுதி என்பதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே மாநிலங்களின் கையில் இருந்த விஷயம், அது அப்படியே இருந்துவிட்டது.

முதல் சில வருடங்கள் கறுப்பின ஆண்கள் தென் மாநிலங்களில் பெருவாரியாக ஓட்டுப் போட்டார்கள், பதவிக்கும் வந்தார்கள். மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் 1870-இலும் பிளாஞ்ச் புரூஸ் 1875-இலும் செனட்டுக்கே போனார்கள். அப்புறம் அடிதடி, கொலை, மிரட்டல். 1877-இல் மத்திய அரசின் படை பின்வாங்கியது. அதே மிசிசிப்பி 1890-இல் புது மாநில அரசியலமைப்பு எழுதியது. அதில் 'கறுப்பினத்தவர் ஓட்டுப் போடக் கூடாது' என்று ஒரு வரி கிடையாது. 2 டாலர் தலைவரி கட்ட வேண்டும், மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவை வாசிக்கவோ, வாசித்துக் காட்டினால் விளக்கம் சொல்லவோ தெரிய வேண்டும். விளக்கம் சரியா தப்பா என்று தீர்மானிப்பவர் அந்த கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) வாக்காளர் பதிவாளர், வெள்ளையர். அங்கேதான் கதை முடிகிறது. எழுத்தறிவில்லாத வெள்ளையருக்கு எளிதான பிரிவு, கல்லூரியில் படித்த கறுப்பினத்தவருக்கு வக்கீலே திணறும் பிரிவு.

லூசியானா 1898-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. 1867 ஜனவரி 1-க்கு முன்னால் உங்கள் அப்பாவோ தாத்தாவோ ஓட்டுரிமை பெற்றிருந்தால் உங்களுக்குத் தேர்வு, சொத்துக் கணக்கு ஒன்றும் வேண்டாம் என்று விதி போட்டார்கள். அந்தத் தேதியில் யாருடைய தாத்தாவுக்கு ஓட்டு இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1896-இல் அந்த மாநிலப் பட்டியலில் 1,30,334 கறுப்பின வாக்காளர்கள். 1904-இல் 1,342. உங்கள் கடைசிக் கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை, பறிகொடுத்தார்கள்.

நீதிமன்றம் தூங்கவில்லை, தெரிந்தே கையை விரித்தது. 1898-இல் வில்லியம்ஸ் வழக்கில், மிசிசிப்பி விதிகளில் இனத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லையே என்று ஏற்றுக்கொண்டார்கள். 1903-இல் அலபாமாவிலிருந்து ஜைல்ஸ் என்பவர் போனார். ஒரு மாநிலத்து வெள்ளையர் மொத்தமும் சேர்ந்து உங்களைத் தடுப்பதாக நீங்களே சொல்கிறீர்கள், அப்படியானால் பட்டியலில் பெயரைச் சேர் என்று நாங்கள் எழுதிக் கொடுக்கும் தாளால் என்ன பயன், அரசியல் வழியில் தீர்வு தேடுங்கள் என்ற பொருளில் தீர்ப்பு எழுதியவர் சாதாரண ஆள் இல்லை, பெயர்பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். ஓட்டே இல்லாதவனை அரசியல் வழிக்குப் போகச் சொன்ன இந்தத் தீர்ப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. தாத்தா விதி மட்டும் 1915-இல் செல்லாது என்று ஆனது, ஆனால் தேர்வும் வரியும் நிலைத்தன.

பாலா (நியூ ஜெர்சி):
பறிகொடுத்தவர்கள் பட்டியலில் நான் இருக்கும் மாநிலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1776-இல் நியூ ஜெர்சி எழுதிய அரசியலமைப்பில் ஐம்பது பவுண்டு சொத்துள்ள 'எல்லாக் குடியிருப்பவர்களுக்கும்' ஓட்டு. ஆண், வெள்ளையர் என்ற சொல்லே இல்லை. அதனால் கணவனை இழந்த பெண்கள், திருமணமாகாத பெண்கள், சுதந்திரக் கறுப்பினத்தவர் என்று பலர் உண்மையிலேயே போய் ஓட்டுப் போட்டார்கள் (கல்யாணமானால் சொத்து கணவன் பெயருக்குப் போய்விடும், அதனால் மனைவிகளுக்கு வழியில்லை). 1807-இல் ஒரே சட்டத்தில் இவர்கள் எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டு வெள்ளை ஆண்களுக்கு மட்டும் என்று மாற்றினார்கள்.

இன்னொரு விஷயம், 'எல்லா வெள்ளை ஆண்களுக்கும் விரிந்தது' என்று உங்கள் குறிப்பில் இருக்கிறதே, அந்த விரிவே பல இடங்களில் மற்றவர்களைக் கழித்துவிட்டுத்தான் நடந்தது. நியூயார்க் 1821-இல் வெள்ளையருக்குச் சொத்துத் தகுதியை எடுத்தது, கறுப்பினத்தவருக்கு 250 டாலர் சொத்து வேண்டும் என்று வைத்தது. பென்சில்வேனியா 1838-இல் கறுப்பினத்தவரிடமிருந்து ஓட்டை அடியோடு பறித்தது. இவை வட மாநிலங்கள் என்பதைக் கவனியுங்கள்.

செல்வி:
பெண்கள் பகுதியை 1920 என்று ஒற்றை வரியில் கடந்துவிடாதீர்கள், கயல். 1872-இல் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் ஆந்தனி நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் போய் ஓட்டே போட்டார். கைது செய்து 100 டாலர் அபராதம் போட்டார்கள், அவர் கடைசிவரை கட்டவில்லை. 1875-இல் வர்ஜீனியா மைனர் என்ற பெண் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், பெண் குடிமகள்தான், ஆனால் குடியுரிமை இருப்பதால் ஓட்டு வந்துவிடாது என்று ஒருமனதாகச் சொன்னது. 1920-இல் பெண்களுக்கான 19-ஆவது திருத்தம் நிறைவேறத் தேவையான 36-ஆவது மாநிலமாக டென்னசி ஒப்புதல் கொடுத்தது, அதுவும் ஹாரி பர்ன் என்ற 24 வயது சட்டசபை உறுப்பினர் அம்மாவின் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் பக்கம் மாறியதால்.

ஆனால் 19-ஆவது திருத்தமும் வைகைக்கரை சொன்ன அதே அச்சில் வார்த்ததுதான். பால் அடிப்படையில் மறுக்காதே என்றது, அவ்வளவே. தெற்கில் கறுப்பினப் பெண்ணுக்கு அதே பதிவாளர், அதே மேசை. ஃபேனி லூ ஹேமரை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்திக் காட்டில் வேலை செய்தவர், 44 வயது. 1962 ஆகஸ்டில் மிசிசிப்பியின் இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் பதிவு செய்யப் போகிறார். படிவத்தில் எங்கே வேலை செய்கிறாய் என்று ஒரு கேள்வி, அது எதற்கு என்று வீடு திரும்பியதும் புரிந்துவிட்டது. முதலாளி பேரை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் கிளம்பு என்றார். 18 வருடம் உழைத்த தோட்டத்தை அன்று இரவே விட்டு வெளியேறினார். 1963 ஜனவரியில் தேர்வில் தேறி, ஓட்டுப் போடப் போனால், இரண்டு வருடத் தலைவரி ரசீது எங்கே என்கிறார்கள். அந்த ஜூனில் வினோனா சிறையில் வாங்கிய அடி அவர் உடம்பை விட்டுக் கடைசிவரை போகவில்லை. இவ்வளவும் 19-ஆவது திருத்தம் வந்து 40 வருடத்துக்குப் பிறகு.

கயல்விழி:
மூன்று பேருக்கும் நன்றி, படிக்கப் படிக்க மனசு கனத்துப்போனது. ஒரு துணைக்கேள்வி: திருத்தத்தால் முடியாததை 1965 சட்டம் மட்டும் எப்படிச் சாதித்தது?

வைகைக்கரை:
முடிவெடுக்கும் ஆளை மாற்றியது, அதுதான். அலபாமாவில் செல்மா நகரம் இருக்கும் டாலஸ் கவுண்டியில் அப்போது ஓட்டுப் போடும் வயதில் சுமார் 15,000 கறுப்பினத்தவர், பதிவானவர்கள் 300-ஐ ஒட்டித்தான். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டு நாள் மட்டும் திறக்கும். வழக்குப் போட்டால் ஒவ்வொரு கவுண்டிக்கும் தனித்தனியாக வருடக்கணக்கில் இழுக்கும், ஒரு தந்திரத்தை நீதிமன்றம் தடுத்தால் அடுத்த தந்திரம் தயாராக இருக்கும். 1965 மார்ச் 7 அன்று செல்மாவின் பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்ததை நாடே டிவியில் பார்த்தது. ஆகஸ்ட் 6-இல் சட்டம் கையெழுத்தானது. அது இப்படித் தடுத்துவந்த மாநிலங்களில் தேர்வுகளை நிறுத்தியது, உள்ளூர்ப் பதிவாளர் மறுத்தால் மத்திய அரசின் அலுவலரே வந்து பெயரைச் சேர்க்கலாம் என்றது, இனிமேல் தேர்தல் விதி எதை மாற்றினாலும் முன்கூட்டியே வாஷிங்டனிடம் அனுமதி வாங்கு என்றது. நிரூபிக்கும் சுமை பாதிக்கப்பட்டவரிடமிருந்து மாநிலத்தின் தலைக்கு மாறியது. மிசிசிப்பியில் கறுப்பினப் பதிவு 6.7 சதவீதத்திலிருந்து 1967-க்குள் 59.8 ஆனது. தலைவரி தேசியத் தேர்தல்களுக்கு 1964-இன் 24-ஆவது திருத்தத்தாலும், மாநிலத் தேர்தல்களுக்கு 1966 தீர்ப்பாலும் போனது. முன்அனுமதி எந்த மாநிலங்களுக்கு என்று சொல்லும் பிரிவை 2013-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று ரத்து செய்துவிட்டது, அதே நாளில் டெக்சாஸ் தன் வாக்காளர் அடையாள அட்டைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதாக அறிவித்தது.

இளமாறன்:
குடியுரிமை வாசலையும் யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். குடிமகனே ஆக முடியாது என்றால் ஓட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. சீனர்களுக்கு 1882 முதல் 1943 வரை அந்தக் கதவு சாத்தியிருந்தது. நம் ஆட்களில் பகத் சிங் திண்ட், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், 1923-இல் உச்ச நீதிமன்றம் அவர் 'வெள்ளையர்' இல்லை என்று சொல்லிக் குடியுரிமையை மறுத்தது. இந்தியர்களுக்கு வழி திறந்தது 1946-இல்தான். பூர்வகுடிகளுக்கு 1924-இல் குடியுரிமை கிடைத்தும் அரிசோனா, நியூ மெக்சிகோவில் 1948 வரை ஓட்டு இல்லை.

கயல்விழி:
சிறைக்குப் போனவர்கள் நிலை?

பாலா (நியூ ஜெர்சி):
மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மெய்ன், வெர்மாண்டில் சிறைக்குள்ளிருந்தே ஓட்டுப் போடலாம். ஃபுளோரிடாவில் தண்டனை முடித்தவர்களுக்கு (கொலை, பாலியல் குற்றம் நீங்கலாக) ஓட்டைத் திருப்பித் தர 2018-இல் மக்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். அடுத்த வருடமே சட்டசபை, அபராதம், நீதிமன்றக் கட்டணம் எல்லாம் கட்டி முடித்தால்தான் தண்டனை முடிந்ததாகக் கணக்கு என்று சட்டம் போட்டது. இது தலைவரி இல்லையா என்று வழக்குப் போனது, 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஹேமரிடம் ரசீது கேட்டதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தேர்வில் எழுதுவதானால் இரண்டு பக்க வாதத்தையும் எழுதிவிடுங்கள்.