வீட்டை மாற்றிக் கட்ட அனுமதி வாங்கியவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பெயிண்ட் அடிப்பது, டைல்ஸ் மாற்றுவது, பழைய கதவை எடுத்துவிட்டு அதே அளவில் புதுக் கதவு போடுவது, இதற்கெல்லாம் பெரும்பாலும் யாரும் அனுமதி கேட்பதில்லை. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த சுவரை இடிப்பதையும் எங்கள் மேஸ்திரி அந்தக் கணக்கில்தான் சேர்த்தார். "சின்ன வேலை சார், இதுக்குப் போய் யாராவது ஆபீஸ்ல நிப்பாங்களா?" என் மனைவி விடவில்லை. பழைய பிளானைத் தேடி எடுத்து, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழைத்தாள்.

வந்தவர் சுவரைத் தொடக்கூட இல்லை. நேராக மாடிக்குப் போய், அதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தார். அப்புறம் கீழே வந்து, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் பூச்சைச் சுரண்டச் சொன்னார். பீம் இல்லை. தளம் சுவர் மேலேயே உட்கார்ந்திருந்தது. அப்புறம் தளத்துக்குள் இருக்கும் கம்பியைப் பற்றிச் சொன்னார். தளம் ஒரு சுவரைத் தாண்டிப் போகும்போது, சுவருக்கு மேலே இழுவிசை தளத்தின் மேல்பக்கம் வரும். அதனால் அங்கே முக்கியக் கம்பி மேலே இருக்கும். சுவரை எடுத்துவிட்டால் அதே இடம் நடுப்பகுதியாகி, இழுவிசை அடிப்பக்கம் வந்துவிடும். அங்கே அதைத் தாங்கப் போதுமான கம்பி இருக்காது. உடனே இடிந்து விழும் என்று சொல்ல முடியாது, தளம் தொய்ந்து விரிசல் விடும், அதற்கு மேலும் போகலாம் என்றார். ஒன்பது அங்குலச் சுவர் என்றால் பாரம் தாங்கும், நாலரை என்றால் தாங்காது என்று பலர் சொல்வார்கள். அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தூண், பீம் போட்ட வீட்டில் ஒன்பது அங்குலச் சுவர் வெறும் மறைப்பாக இருக்கலாம்.

கடைசியில் சுவருக்குப் பதில் இரும்பு பீம் வைப்பதென்று முடிவு செய்து, கணக்கும் வரைபடமும் சேர்த்து விண்ணப்பித்தோம். அனுமதியோடு ஒரு நிபந்தனை வந்தது: ஆய்வுக்கு வருபவர் பார்க்கும்வரை பீமைப் பூசி மறைக்கக் கூடாது. மேஸ்திரிக்கு அதுதான் பொறுக்கவில்லை, வேலை நின்றுபோகிறதே என்று. ஆனால் வந்தவர் பார்த்தது பீமின் இரண்டு முனைகளை மட்டும்தான். சுவருக்குள் எவ்வளவு தூரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று டேப் வைத்து அளந்தார். பூசிய பிறகு அதை யார் பார்க்க முடியும்?

மறுமொழி: மாடிப்படிக்காரர்
எங்களுடையது வேறு கதை. வெளிப்பக்கமாகப் படி வைத்து மாடிக்குத் தனி வழி விட நினைத்தோம். படி முழுக்க எங்கள் இடத்துக்குள்தான். இருந்தும் மறுத்துவிட்டார்கள். காரணம் செட்பேக்: எல்லையிலிருந்து கட்டடம்வரை காலியாக விட வேண்டிய இடம். "என் நிலத்தில் நான் கட்டினால் என்ன?" என்று கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அந்த இடைவெளி தீ பரவாமல் இருக்கவும், காற்று வெளிச்சம் வரவும், ஆள் நுழைந்து போகவும் என்று அலுவலர் விளக்கினார். படியை உள்ளே திருப்பி வரைந்து கொடுத்ததும் அனுமதி கிடைத்தது. ஒரு அலமாரி வைக்கும் இடம் போனது, அவ்வளவுதான்.

மறுமொழி: வாங்கியவர்
நான் இடித்ததும் இல்லை, கட்டியதும் இல்லை. நான் வாங்கிய வீட்டில் முன்பு இருந்தவர் மொட்டை மாடியில் போட்ட அறை எனக்குத் தலைவலி. கடனுக்காக மதிப்பிட வந்தவர் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாக ஒப்பிட்டார். மாடி அறை பிளானில் இல்லை என்றதும் அதை மதிப்பில் சேர்க்கவே இல்லை. வீடு வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்க்கிற அளவுக்கு அங்கீகரித்த பிளானையும் பாருங்கள்.

மறுமொழி: புதிதாகச் சேர்ந்தவர்
குளியலறையை மாடியில் வேறு மூலைக்கு மாற்றுகிறோம். சுவர் எதையும் இடிக்கவில்லை. இதற்கும் அனுமதி வேண்டுமா, அண்ணா?

சமையலறைச் சுவர்க்காரர்:
பல இடங்களில் வேண்டும் தம்பி. கழிவுநீர்க் குழாயின் வழி மாறுகிறது, தளத்தின் மேல் நிரப்பும் கலவையின் எடையும் கூடுகிறது. விதி ஊருக்கு ஊர் மாறும், அதனால் வாய்மொழியாகக் கேட்டு வராதீர்கள். இப்போது இருப்பது ஒரு படம், மாற்றப்போவது ஒரு படம், இரண்டிலும் அளவு எழுதி எடுத்துப் போய், பதிலை எழுத்தில் வாங்குங்கள். அனுமதிக்குக் காலக்கெடு உண்டா என்றும் கேளுங்கள். பாதியில் வேலையை நிறுத்தி வைத்தால் புதுப்பிக்க வேண்டி வரலாம். பதில் எழுத்தில் கைக்கு வரும் முன் பழைய குளியலறைத் தளத்தை உடைக்கச் சொல்லிவிடாதீர்கள்.