யார்டு வைஃபைல விபிஎன் கட் ஆகிட்டே இருக்கு, எதை நம்பி வாங்குறது?

மணலி_யார்டு:
ஹார்பர் கிளியரிங் ஆபீஸ்ல வேலை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் வண்டி வரிசையில மாட்டுச்சுன்னா மணிக்கணக்கா யார்டு வைஃபைதான் கதி. பாஸ்வேர்டை சுவத்துல சாக்பீஸ்ல எழுதி வெச்சிருக்காங்க, வர்ற டிரைவர் எல்லாருக்கும் அதேதான். பார்ட்டியோட பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி சுங்கப் பேப்பர்), ஜிஎஸ்டி பேப்பர் எல்லாம் அதுலதான் அனுப்புறேன். பயந்து ஒரு இலவச விபிஎன் போட்டேன், அதான் போன் டேட்டாவைப் பூட்டி வேற சர்வர் வழியா அனுப்புற ஆப். மேல சாவி படம் வருது, போனை பாக்கெட்ல போட்டு எடுத்தா காணோம். காசு குடுத்து வாங்கிடலாமா?

இன்னொண்ணு, மனசு ஆறல. லாரி வெச்சிருக்கிற என் மச்சானுக்கும் அதையே போட்டுக் குடுத்தேன். விபிஎன் ஆன்ல இருக்கும்போதே நேத்து ராத்திரி 38,000 ரூபாய் போயிடுச்சு. டிராஃபிக் சலான்னு வாட்ஸ்அப்ல வந்த ஏபிகே-வை (பிளே ஸ்டோருக்கு வெளியே வர்ற ஆப் ஃபைல்) அமுக்கியிருக்காரு. "இது இருந்தா ஒண்ணும் ஆகாது"ன்னு சொன்னது நான்தான்.

தேரடி_அக்கா:
தம்பி, மத்ததெல்லாம் அப்புறம். மச்சானை இப்பவே சைபர் மோசடி புகார் எண் 1930-க்கு போன் பண்ணச் சொல்லுங்க, பேங்க்லயும் சொல்லி கணக்கை நிறுத்தச் சொல்லுங்க. அவர் போன்ல நெட்டை அணைங்க, சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டு பாஸ்வேர்டு மாத்துங்க. அந்த மாதிரி ஏபிகே எஸ்எம்எஸ் படிக்கிற அனுமதியை வாங்கிக்கும். ஓடிபி போனுக்குள்ளயே களவு போகும். விபிஎன் மூடுறது போன்ல இருந்து வெளியே போற பாதையை மட்டும்தான், உள்ள உட்கார்ந்திருக்கிறவனை அது தொடாது.

ராயபுரம்_நெட்:
ப்ரோ, சாவி மறையுறது பேட்டரி சேவர் வேலையா இருக்கும். அந்த ஆப்புக்கு பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துடுங்க. அப்புறம் செட்டிங்ஸ்ல நெட்வொர்க், அதுல விபிஎன், பேருக்குப் பக்கத்துல பல்சக்கரம். அங்க "ஆல்வேஸ்-ஆன்", அதுக்குக் கீழ விபிஎன் இல்லாத இணைப்பைத் தடுக்கிற ஸ்விட்ச். ரெண்டையும் ஆன் பண்ணுங்க.

வாங்குற விஷயத்துக்கு வரேன். யார்டுக்காரர் பார்க்கக் கூடியதை இனிமே விபிஎன் கம்பெனி பார்க்கும், அவ்வளவுதான் மாற்றம். ஜிஎஸ்டி போர்ட்டல், பேங்க் எல்லாம் ஏற்கெனவே எச்டிடிபிஎஸ், அதாவது அனுப்புறது பூட்டித்தான் போகும். எந்த சைட்டுக்குப் போறீங்கன்னு தெரியும், உள்ள இருக்கிற பேப்பர் தெரியாது. இலவசம்னா அவன் எதுல சம்பாதிக்கிறான்னு கேளுங்க. ஹோலாங்கிற விபிஎன் இலவசமா குடுத்துட்டு, அதைப் போட்டவங்க நெட்டையே வெளியாளுக்கு வித்தது 2015-ல வெளிய வந்துச்சு. புரோட்டான் விபிஎன்ல இலவசத்துக்கு டேட்டா அளவு கிடையாது, காசு கட்டுறவங்க பணத்துல ஓடுது. முல்வாட்ங்கிற ஸ்வீடன் விபிஎன் மாசம் 5 யூரோ. 2023 ஏப்ரல்ல ஸ்வீடன் போலீஸ் வாரன்ட்டோட அவங்க ஆபீஸுக்கு வந்து, வாடிக்கையாளர் விவரம் எதுவும் இல்லாம திரும்பிப் போச்சு. "லாக் (யார் எங்க போனாங்கங்கிற பதிவு) வைக்கிறதில்ல"ன்னு யார் வேணா எழுதலாம், நான் பார்க்கிறது இந்த மாதிரி நடந்ததைத்தான்.

நம்ம ஊர்ல 2022 ஏப்ரல்ல மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி விபிஎன் கம்பெனி வாடிக்கையாளர் பேர், முகவரி, ஐபி (நெட்ல அடையாளம் காட்டுற எண்) எல்லாம் 5 வருஷம் வெச்சிருக்கணும். அதனாலதான் எக்ஸ்பிரஸ், நார்டு, சர்ஃப்ஷார்க்னு மூணு விபிஎன் கம்பெனியும் இங்க இருந்த சர்வரை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

மணலி_யார்டு:
அக்கா, 1930-ல புகார் எண் குடுத்துட்டாங்க. பேங்க்லயும் நிறுத்தியாச்சு.
ப்ரோ, இலவசத்தைத் தூக்கிட்டு புரோட்டான் போட்டேன், சாவி நிக்குது. ஆனா வெளிநாட்டு ஐபின்னு பேங்க் ஆப் திறக்கல. அதை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விட்டா நெட்டே இல்லைங்குது.

ராயபுரம்_நெட்:
ரெண்டாவது ஸ்விட்ச்தான் காரணம். அது ஆன்ல இருந்தா, வெளியே விட்ட ஆப்பையும் சேர்த்து அடைச்சிடும். பேங்க் வேலை வரும்போது வைஃபையை அணைச்சு, மொபைல் டேட்டாவுல அந்த ஸ்விட்சை எடுத்துட்டுப் பண்ணுங்க. முடிஞ்சதும் திரும்பப் போட்டுடுங்க.

மணலி_யார்டு:
திறந்துடுச்சு ப்ரோ. மச்சான் போனை ரீசெட் பண்ணப் போறோம்.

தேரடி_அக்கா:
அந்த ஏபிகே வந்த மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு ரீசெட் பண்ணுங்க தம்பி. ஸ்டேஷன்ல கேப்பாங்க.