டெக்கில் வந்து விழுந்த கணவாய்

டேங்கர் கப்பலில் இன்ஜினியராக இருக்கிறேன். ஓமனுக்குத் தெற்கே, அடுத்த உத்தரவு வரும்வரை இன்ஜினை நிறுத்திவிட்டு மிதந்துகொண்டிருந்தோம். பொட்டுக் காற்று இல்லை. இரவு பன்னிரண்டு மணிக்கு வாட்ச் முடித்து வெளியே வந்தால், மெயின் டெக்கில் ‘சொத்’தென்று ஒரு சத்தம். டார்ச் அடித்தேன். ஒரு சாண் நீளத்தில் கணவாய் (ஸ்க்விட்)! சரக்கு ஏற்றித் தாழ்ந்திருந்த கப்பல்தான், இருந்தாலும் கடல்மட்டத்திலிருந்து நாலைந்து மீட்டர் உயரம். எப்படி ஏறி வந்தது?

டெக் ஆட்களின் தலைவரான போசனுக்கு இது புதிதில்லை. பக்கவாட்டு விளக்கைக் கடலைப் பார்த்துத் திருப்பிவிட்டு ஜிக்கை (கணவாய்த் தூண்டிலை) இறக்கினார். விளக்கு வட்டத்தின் ஓரத்தில், இருட்டும் வெளிச்சமும் சேருகிற இடத்தில், நிழல் மாதிரி வந்து வந்து போயின. முதலில் மாட்டியதைத் தூக்கும்போதே இன்னொன்று அதைக் கட்டிப்பிடித்துத் தின்றுகொண்டே மேலே வந்தது. சொந்த இனம் என்கிற தயவெல்லாம் கிடையாது.

மேலே வந்ததைக் கையோடு வைத்துப் பார்த்தேன். உடம்பு மட்டுமே முழங்கையிலிருந்து விரல்நுனி வரை. செம்மண் நிறமாக இருந்தது நொடியில் வெளுத்தது, மறுபடி சிவந்தது. விளக்கை அணைக்கச் சொன்னார் போசன். முதுகில், தலைக்குப் பின்னால், நீள்வட்டமாக ஒரு திட்டு நீலப்பச்சையில் பளிச்சென்று எரிந்து அணைந்தது. பதினொரு வருடக் கப்பல் வாழ்க்கையில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. டெக்கில் விழுந்தது இதன் குட்டி என்றுதான் நினைத்தேன்.

*

நான் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கம், மீன்பிடிக்காரன். வரிசையாகக் கொக்கிகள் கட்டிய ஆயிரங்கால் தூண்டிலில் சுறாவுக்கும் சூரைக்கும் (டூனா) லட்சத்தீவு தாண்டிப் போவோம். இது கரைப்பக்கம் மடிவலையில் விழும் ஊசிக்கணவாயோ ஓட்டுக்கணவாயோ இல்லை, ஆழக்கடல்காரன். ராத்திரி விளக்கடிக்கு வரும், விடிந்தால் ஒன்றுகூட இருக்காது. சூரையின் வயிற்றைக் கிழித்தால் இதன் கிளிமூக்கு அலகு கிடக்கும். ஆனால் அண்ணே, முழங்கை நீளமெல்லாம் கொஞ்சம் ஓவர். நாங்கள் பார்த்தது ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரை.

*

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். மீன்வளம் படித்துவிட்டு ஆராய்ச்சிக் கப்பலில் இரண்டு பயணம் போனவன் நான்.

இதன் பெயர் ஸ்தெனோட்யூதிஸ் ஊலானியென்சிஸ். பசிபிக்கில் உள்ள ஊலான் தீவை, அதாவது இன்றைய கோஸ்ரேயை வைத்து 1830-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஸோன் சூட்டியது. கிழக்கு பசிபிக் தொடங்கி செங்கடல் வரை வெப்பமண்டலக் கடல் முழுக்க உண்டு. அட்லாண்டிக்கில் கிடையாது, அங்கே இருப்பது இதன் பங்காளி இனம். இந்த ஒரே இனத்துக்குள் மூன்று ரகம். நிலநடுக்கோட்டை ஒட்டி விரல்நீளக் குள்ள ரகம், அதற்கு முதுகுத் திட்டே இல்லை. எல்லா இடத்திலும் பரவியிருப்பது நடுத்தர ரகம், தூத்தூர் அண்ணன் பார்த்தது அது. ராட்சத ரகம் அரபிக்கடல், ஏடன் வளைகுடா, செங்கடல் பக்கம் மட்டுமே. அதில் உடம்பு 65 செ.மீ. வரை போகும், கைகள் தனி. இத்தனை வளர்ச்சியும் ஏறக்குறைய ஒரே வருடத்தில். அதற்குமேல் ஆயுள் இல்லை.

என்னைக் கேட்டால் அதைவிட ஆச்சரியம் பகலில் அது இருக்கும் இடம். அரபிக்கடலில் சுமார் 200 மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் அநேகமாக இல்லாத ஒரு அடுக்கு, கிட்டத்தட்ட 1000 மீட்டர் வரை. சூரைக்கு அங்கே மூச்சு முட்டும், இவை பகலில் அங்கே இறங்கிவிடுகின்றன. இருட்டியதும் இவற்றின் இரையான விளக்குமீன்கள் (உடம்பில் ஒளிரும் சிறு மீன்கள்) மேலே ஏறும், பின்னாலேயே இவையும்.

டெக்குக்கு வந்த விஷயம்: உடம்புக்குள் நீரை இழுத்து, அடியிலுள்ள குழாய் வழியே பீய்ச்சினால் பின்பக்கமாகப் பாயும். தண்ணீரை விட்டு வெளியேறியதும் துடுப்பையும் கைகளையும் விரித்து மிதந்துபோகும். துரத்தப்பட்டால் இப்படிச் செய்யும். அன்றைக்குக் கீழே துரத்தியது பெரிய கணவாயாகவே இருக்கலாம்.

அப்புறம் இன்ஜினியர் சார், ஒரு சந்தேகம். டெக்கில் விழுந்த அந்தச் சாண் கணவாயின் வயிற்றில் முட்டை இருந்ததா? இருந்திருந்தால் அது குட்டி இல்லை, வளர்ந்து முடிந்த நடுத்தர ரகம். இரண்டு ரகமும் ஒரே இரவில் ஒரே விளக்கடியில்!

*

தம்பி, நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியாமல் போயிற்று. நான் போட்டோ எடுக்க போனைத் தேடி வருவதற்குள் குக் அதை மிளகு போட்டு வறுத்துவிட்டார்.