பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்க்கும் தாய்மார்களே, உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

சிறு பிள்ளைகளின் தாய்:

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது மூத்த சகோதரி ஒருவர் என்னை நிறுத்தி, "வீட்டில் முழங்கால் ஜெபம் இருந்தால் பிள்ளை இப்படி அலையமாட்டான்" என்றார். என் மூத்தவனுக்கு ஐந்து வயது. பிரசங்கத்தின் நடுவே பெஞ்சுக்கு அடியில் புகுந்து முன்வரிசையில் போய் எழுந்தான், அவ்வளவுதான். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் துரத்த என்னால் ஆகவில்லை.

இதே பையன் இரவில் ஜெபிப்பதை அவர் கேட்டதில்லை. சுவரில் வால் அறுந்த பல்லியைப் பார்த்ததிலிருந்து, "இயேசப்பா, அதற்கு வால் முளைக்கட்டும்" என்று விடாமல் கேட்டுவந்தான். ஒருநாள் வால் முளைத்த பல்லி கண்ணில் பட்டது. அதே பல்லிதானா என்று நான் ஆராயவில்லை. அன்றிரவு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, "ஆனால் பழைய நிறம் வரவில்லையே" என்று ஆண்டவரிடமே குறைபட்டுக்கொண்டான்.

ஆலோசனை வேண்டாம் சகோதரிகளே, அது எனக்குத் தாராளமாகக் கிடைக்கிறது. உங்கள் வீட்டில் உண்மையில் என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

வளர்ந்த பிள்ளைகளின் தாய்:

மகளே, உன்னை நிறுத்திய அந்தச் சகோதரியின் வயதுதான் எனக்கும் இருக்கும். எங்கள் தலைமுறையில் பலர் நீதிமொழிகள் 22:6-ஐ முத்திரை குத்திய பத்திரம்போல் கையில் வைத்திருந்தோம். பிள்ளையை நடக்கவேண்டிய வழியில் நடத்தினால் முதிர்வயதிலும் அதை விடான் என்று எழுதியிருக்கிறதே, அப்படியானால் விட்டவனின் தாய் சரியாக நடத்தவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். அதே புத்தகம் 10:4-இல் சுறுசுறுப்புள்ளவனுடைய கை செல்வத்தை உண்டாக்கும் என்றும் சொல்கிறது. விடியுமுன் எழுந்து உழைத்தும் கடைசிவரை கடனில் கிடந்தவர்களை நமக்குத் தெரியாதா? அவர்களைச் சோம்பேறிகள் என்றா சொல்கிறோம்? வாழ்க்கை பெரும்பாலும் எந்தப் பக்கம் போகும் என்று ஞானி காட்டுகிறான். தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அவன் அதை எழுதவில்லை. 1 சாமுவேல் 8-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பரிதானம் வாங்கி நியாயத்தைப் புரட்டியவர்கள் யார்? சாமுவேலின் குமாரர்கள், பிள்ளை கேட்டு ஜெபித்துச் சாமுவேலைப் பெற்ற அன்னாளின் பேரன்கள். அன்னாளின் ஜெபத்தில் குறை இருந்தது என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

என் மகள் கல்லூரிக் காலத்தில் சபைக்கு வருவதை நிறுத்தினாள். சண்டை ஏதும் இல்லை. "நம்ப முடியவில்லை அம்மா, நம்புவதுபோல் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை" என்றாள். அந்த நேர்மையை நாங்கள்தானே ஊட்டி வளர்த்தோம் என்று அன்றே தோன்றியது. ஆனாலும் அழுதேன்.

அப்போது எனக்குத் துணையாக இருந்தது பழைய காலத்து மோனிக்காவின் கதை; திருச்சபைத் தந்தை அகஸ்டினின் தாய் அவர். மகன் அகஸ்டினிடம் பேசித் திருத்துங்கள் என்று அவர் ஓர் ஆயரிடம் மன்றாடியபோது, "இத்தனை கண்ணீரின் பிள்ளை கெட்டுப்போக முடியாது" என்றார் ஆயர். இந்த வரியை எல்லாப் பிரசங்கங்களிலும் கேட்கிறோம். அதற்கு முன்னால் நடந்ததை யாரும் சொல்வதில்லை. இப்போது அவனோடு வாதாடிப் பயனில்லை, அவனை விட்டுவிடு, அவனுக்காக ஜெபி, படித்துப் படித்துத் தானே கண்டுகொள்வான் என்று ஆயர் மறுத்துவிட்டார். தாய் விடாமல் நச்சரித்ததால் சலிப்போடு அனுப்பிவைத்தபோதுதான் அந்தப் புகழ்பெற்ற வரி வந்தது. அகஸ்டினே இதை எழுதிவைத்திருக்கிறார். கி.பி. 383-இல் தாயிடம் பொய் சொல்லிவிட்டு இரவோடு இரவாக ரோமுக்குக் கப்பலேறியதையும் அவரே ஒளிக்காமல் எழுதுகிறார். 387-இல் மிலானில் அந்நகர ஆயர் அம்புரோசின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டில் மோனிக்கா கண்மூடினார். எனக்கு உதவியது "அவனை விட்டுவிடு" என்ற பகுதிதான். மகளிடம் வசனம் அனுப்புவதை நிறுத்தினேன். அவள் வேலை, அவள் தோழிகள், அவள் வாசிக்கும் புத்தகங்கள் பற்றிப் பேசினோம். பேச்சு நிற்காமல் இருந்தது.

கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின் என்னால் படிக்க முடியாதிருந்தபோது அவள் வந்து என்னோடு தங்கினாள். "சங்கீதம் 121 வாசிக்கிறாயா?" என்றேன். வேதாகமத்தை வாங்கி ஒரே புரட்டலில் சங்கீதங்களுக்குப் போய்விட்டாள், பொருளடக்கம் பார்க்கவில்லை. "உனக்காகத்தான் வாசிக்கிறேன், வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே" என்று முன்கூட்டியே எச்சரித்தாள். சரி என்றேன். வாசித்து முடித்ததும் நான் கேட்காமலே 122-ஐயும் வாசித்தாள்.

இன்றும் அவள் சபைக்கு வருவதில்லை. நான் எழுதுவது வெற்றிச் சாட்சி இல்லை, பாதியில் நிற்கும் சாட்சி.

இரவுப்பணிச் செவிலி:

அம்மா, நீங்கள் அன்னாளைச் சொன்னதும் எனக்குப் பேச வந்துவிட்டது. பிள்ளையோடு இருக்க எனக்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. வார்டில் மாத்திரை கொடுத்து முடிந்ததும் தொலைபேசியில் ஜெபம் சொல்லித் தூங்கவைப்பேன், அதுவும் அழைப்பு மணி அடித்தால் பாதியில் ஆமென். அன்னாள் பால் மறந்த பிள்ளையை ஆலயத்தில் விட்டுவிட்டு, வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டையை எடுத்துக்கொண்டு போனாள் என்று 1 சாமுவேல் 2:19-இல் இருக்கிறது. பிள்ளை கண்ணெதிரில் இல்லாதபோது அளவை எப்படித் தெரிந்துகொண்டாள்? இந்த வருஷம் இவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனதிலேயே கணக்குப் போட்டிருப்பாள். என்னைப் போன்றவர்கள் அந்த வசனத்தை விட்டு எளிதில் நகரமாட்டோம்.

தீமோத்தேயு வீட்டுக்காரி:

என் கணவர் விசுவாசி அல்ல. நல்ல மனிதர். சபையில் இதைச் சொன்னால் உடனே முகத்தில் பரிதாபத்தை வரவழைத்துக்கொள்கிறார்கள், அதுதான் எனக்குக் கஷ்டம். பவுலின் உடனூழியரான தீமோத்தேயுவின் தாய் விசுவாசமுள்ள யூத ஸ்திரீ, தகப்பன் கிரேக்கன் என்கிறது அப்போஸ்தலர் 16:1. பவுல் 2 தீமோத்தேயு 1:5-இல் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லிப் பாராட்டுகிறார். தகப்பனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இகழ்ச்சியாக இல்லை.

நாங்கள் ஒருவரையொருவர் பிள்ளைகளுக்கு முன்னால் மட்டம் தட்டுவதில்லை. "அப்பா பரலோகம் போகமாட்டாரா?" என்று சின்னவள் கேட்டபோது, "அது ஆண்டவர் கையில், நம் கையில் இருப்பது அப்பாவை நேசிப்பது" என்றேன். அதற்கு மேல் தீர்ப்புச் சொல்லும் இடம் என்னுடையது அல்ல. ஞாயிறு பள்ளி மனப்பாட வசனத்தை இப்போது ஒப்பிக்க வைப்பவரே என் கணவர்தான். அவள் ஒரு சொல்லை விழுங்கினால்கூட, "மறுபடி முதலிலிருந்து" என்பார். என்னைவிடக் கண்டிப்பு. 1 கொரிந்தியர் 13 அவருக்கு முழுவதும் மனப்பாடம் ஆகிவிட்டது, எனக்கு இன்னும் இடையில் தடுக்கும்.

ஒரு மகன்:

இங்கே பேச எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை, நான் பிள்ளையின் கட்சி. பத்து வயதில் என் நண்பன் நோயில் படுத்தான். சபையே உபவாசித்து ஜெபித்தது. அவன் இறந்துவிட்டான். பலரும் பல விளக்கம் சொன்னார்கள். என் அம்மா மட்டும், "எனக்குத் தெரியவில்லைடா" என்றார். பிறகு 88-ஆம் சங்கீதத்தை எடுத்து என்னோடு வாசித்தார். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பலவும் முடிவில் நம்பிக்கைக்குத் திரும்பும். அது கடைசி வரி வரை திரும்புவதே இல்லை. இப்படி ஜெபிக்கவும் வேதாகமத்தில் இடம் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். நான் இன்று விசுவாசத்தில் இருப்பதற்குக் காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். அம்மாவிடம் கேட்டால் அவருக்கு அது நினைவே இல்லை.

பதின்வயதினரின் தாய்:

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லியை யாரும் இன்னும் இழுக்கவில்லை என்பது ஆச்சரியம்! எனக்கு அவரை மேற்கோள் காட்டியே களைப்பு உண்டாக்கியிருக்கிறார்கள். 19 பிள்ளைகளைப் பெற்று ஒன்பது பேரைச் சிசுப் பருவத்திலேயே பறிகொடுத்தவர். ஒரு வயது ஆகும்போதே பிள்ளைகளுக்கு மெதுவாக அழக் கற்றுக்கொடுத்ததாக அவரே 1732-இல் எழுதினார்; அதை நான் பின்பற்றப் போவதில்லை. மகள்களில் சிலரின் இல்வாழ்க்கை படுதுயரமாக முடிந்தது என்பதையும் மேடையில் சொல்வதில்லை.

ஆனால் ஒன்றை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். வாரத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மாலைப்பொழுதைத் தனியாக ஒதுக்கினார்; ஜானுக்கு வியாழக்கிழமை. வளர்ந்து ஆக்ஸ்போர்டில் ஆசிரியரான பின்பும், அந்த வியாழன் மாலையைத் தனக்குத் தரும்படி ஜான் தாய்க்குக் கடிதம் எழுதினார். நானும் என் மகனோடு பாத்திரம் கழுவும் நேரத்தை அப்படி வைத்திருக்கிறேன். முகத்தைப் பார்க்கத் தேவையில்லாததால் அவன் பேசுகிறான். போனமுறை, "பாவம் செய்தது மனுஷன், வெள்ளத்தில் முயல் ஏன் சாகவேண்டும்?" என்றான். நோவாவின் உடன்படிக்கை மாம்சமான சகல ஜீவன்களோடும் செய்யப்பட்டது என்று ஆதியாகமம் 9-ஐக் காட்டினேன். "அது பிறகு வந்ததுதானே" என்று அவன் விடவில்லை. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சிறு பிள்ளைகளின் தாய்:

எல்லாரும் எழுதியதற்கு நன்றி. தீமோத்தேயு வீட்டுக்காரி அக்கா, ஒன்று கேட்கவேண்டும். என் தங்கையின் நிலைமையும் உங்களுடையதுதான். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதைக் கணவரிடம் எப்படி எடுத்துச் சொன்னீர்கள்?

தீமோத்தேயு வீட்டுக்காரி:

எங்கள் சபையில் விசுவாச அறிக்கை செய்த பிறகே ஞானஸ்நானம், அதனால் எனக்கு அவகாசம் கிடைத்தது. குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபை என்றால் உன் தங்கை முதலில் போதகரோடு தனியாகப் பேசட்டும், பிறகு கணவரையும் அழைத்துப்போகட்டும். அவருக்குத் தெரியாமல் மட்டும் செய்துவிட வேண்டாம். அப்படிச் செய்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும், அங்கே இன்றுவரை அந்தப் பேச்சு ஓயவில்லை.